நெற்றி நனையாமல்

போன வாரம் என் மகள் என்னை இழுத்துக்கொண்டு தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் போனாள். எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் இருமினேன், அவ்வளவுதான். டாக்டர் சின்னப் பையன். மீசை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வராத வயசு. குழாயை என் முதுகில் வைத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்றார். இழுத்தேன். "இப்போ விடுங்க" என்றார். விட்டேன். விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு முன்பக்கம் வந்து என்னைப் பார்த்தார். "இன்னும் முடியலையா ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறுபது தாண்டியவனுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பல் போய்விட்டது. கண் பாதி போய்விட்டது. மூச்சு மட்டும்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

"சின்ன வயசுல நல்லா நீந்துவீங்களோ?" என்று கேட்டார். "நீந்துவேன். ஊர் உவரி" என்றேன். "உவரிக்காரங்க கடல்லயே பிறந்து கடல்லயே வளர்றவங்க. ஆறு குளமெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமா?" என்று சிரித்துக்கொண்டே மருந்து எழுதினார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே பெஞ்சு நிறையக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்ததால் மூடிக்கொண்டேன். இதே பேச்சை, இதே சிரிப்போடு, ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் நானே பேசினேன். அதை நம்பி நான் பட்ட பாட்டை அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

அந்த அறையில் ஸ்பிரிட் வாசனை. அது மூக்கின் உச்சிக்கு ஏறியதும் எனக்கு வேறொன்று மூக்கில் ஏறிய ஞாபகம் வந்தது. கடல் தண்ணீர் மூக்கில் ஏறினால் எரியும். இரண்டு தும்மல் தும்மிவிட்டு மறந்துவிடலாம். தாமிரபரணித் தண்ணீர் எரியாது. சேறும் நாணல் வேரும் மாட்டுச் சாணமும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை நெற்றிப்பொட்டு வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வரைக்கும் இறங்காது. கரையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஏறினால் இன்னும் அதிக நேரம் தங்கும்.

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது. மூத்தவர்கள் இரண்டு பேரும் அப்பாவோடு கட்டுமரத்தில் போனார்கள். "ஒருத்தனாவது காகிதத்தைப் பார்த்து வாசிக்கட்டும்" என்று பங்குச் சாமியார் சொன்னதால் என்னைப் பாளையங்கோட்டையில் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்தார்கள். மீன்காரர்களின் மாட்டு வண்டியில், தேரி மணலைத் தாண்டி, கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து போனேன். பெட்டியில் இருந்த ஒரே ஒரு நல்ல சட்டையும் அந்த வாசனையோடுதான் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. வகுப்பில் என் பக்கத்து இடம் ஒரு வாரம் காலியாகக் கிடந்தது. எட்டாவது நாள் ஒரு தடிப் பையன் வந்து தொப்பென்று உட்கார்ந்தான். "எனக்கு ஜலதோசம்லே. ஒரு வாசனையும் தெரியாது" என்றான். அவன்தான் மாணிக்கவாசகம்.

மாணிக்கத்துக்கு ஊர் முக்கூடல். ஆற்றங்கரையில் நிலபுலத்தோடு இருந்த சைவக் குடும்பம். வண்ணார்பேட்டையில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டான். இறங்கினால் சாகப்போகிறோம் என்று திடமாக நம்பினான். ஆனால் நீச்சலைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. கையை எப்படி வீச வேண்டும், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் சுழி, எந்த மாசத்துத் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று படித்துறையில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டே சொல்லுவான். நீந்துகிறவர்கள் எரிச்சலில் அவன்மேல் தண்ணீரை அடிப்பார்கள். அப்போதும் கடலைப் பொட்டலத்தைத்தான் மறைத்துக்கொள்வான்.

அந்தப் படித்துறை கொக்கிரகுளத்தில் இருந்தது. எதிரே ஆற்று நடுவில் ஒரு கல்மண்டபம். கோடையில் அது வெறும் மண்டபம்தான். ஆடி மாதம் மலையில் மழை கொட்டி ஆறு செம்மண் நிறத்தில் இறங்கி வந்தால் அதுவே ஒரு தீவாகிவிடும். மண்டபத்தின் பின்பக்கம், கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு மாடத்தில் சின்னப் பிள்ளையார் இருந்தார். அவருக்கு முன்னால் கல் கிண்ணத்தில் திருநீறு. ஆடி வெள்ளத்தில் பையன்கள் நீந்திப் போய், பிள்ளையாரைத் தொட்டு, அந்த நீற்றைக் குழைத்து நெற்றியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்துக்கொண்டு, அது கரையாமல் திரும்பி வர வேண்டும். இதற்குப் பட்டைக்குப் போகிறது என்று பேர். நெற்றியில் பட்டை இருந்தால் போனான் என்று அர்த்தம். இல்லாவிட்டால் போகவில்லை. மேலே பேச்சே கிடையாது.

இந்த விளையாட்டுக்குத் தலைவன் சிதம்பரம். எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தான். அப்பா தாலுகா ஆபீசில் உத்தியோகம். படித்துறைக்கு அடுத்தாற்போல் வீடு என்பதால் ஆறே தன் வீட்டுக் கொல்லை என்கிற மாதிரி பேசுவான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏலே உவரி, நீந்துவியாலே?" என்று கேட்டான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கொஞ்சம் தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். நான் ஆற்றை ஒரு முறை பார்த்தேன். "எங்க ஊர்ல இதை வாய்க்கால்னு சொல்லுவோம்" என்றேன். படித்துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாணிக்கம் மட்டும் பொரிகடலையை மெல்வதை நிறுத்தினான்.

"வேதக்காரப் பையன் பிள்ளையாரைத் தொடலாமா?" என்று ஒருவன் கேட்டான். சிதம்பரம் அதைச் சட்டை செய்யவில்லை. "வெள்ளத்துல மரமும் மட்டையும் எல்லாம் பிள்ளையாரைத் தொட்டுட்டுத்தான் போகுது. இவன் தொட்டா மட்டும் கோவிச்சுக்கிடுவாரா?" என்றான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. பட்டை போடலாமா, பாவமில்லையா? எங்கள் கோவிலிலும் வருஷத்தில் ஒரு நாள், விபூதிப் புதன் அன்று, சாமியார் நெற்றியில் சாம்பல் பூசுவாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து வயசில் வேண்டிய சமாதானம் கேட்ட உடனே கிடைக்கும்.

ஆடி வெள்ளம் வந்தது. குதித்தேன். குதித்த உடனே தெரிந்துபோயிற்று, இந்தத் தண்ணீர் என்னைத் தாங்காது. கடல் ஆளைத் தூக்கிவிடும். சும்மா கிடந்தாலே மேலே வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரின் குணம் அது. ஆற்றுத் தண்ணீருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. நம் கனத்தை முழுக்க நம்மிடமே கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. காலை உதைத்து, கையை வீசி, சுழியில் ஒரு தடவை சுற்றி, எப்படியோ மண்டபத்துக் கல்லைப் பிடித்துவிட்டேன். பின்பக்கம் போய்ப் பிள்ளையாரைத் தொட்டேன். நீற்றைக் குழைத்துப் பெரிதாகவே இழுத்துக்கொண்டேன். போட்டாயிற்று, இனி திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

பாதி ஆறு வரைக்கும் நெற்றி காய்ந்துதான் இருந்தது. அப்போது ஒரு சின்ன அலை. அலை என்று சொல்வதே அதற்கு மரியாதை. ஏதோ ஒரு கட்டை உருண்டு போனதில் எழும்பிய தண்ணீர். அது என் தாடைக்கு நேரே வந்தது. என் தலை தானாக உள்ளே போய்விட்டது.

உவரியில் குழந்தைக்கு முதலில் தெரிகிற சொல் எது என்று கேட்டால் அம்மா என்பார்கள். எங்களைக் கேட்டால் 'முங்கு' என்போம். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்கும்போது அலை உடைந்து வரும். அதை முகத்தில் வாங்கினால் ஆளைப் புரட்டிவிடும். அதனால் அலை வந்தால் தலையை உள்ளே கொடுத்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழ வேண்டும். "முங்குலே!" என்று அப்பா காதுக்குள் கத்துவார். கத்தக் கத்தப் பழகி, பிறகு கத்தாமலே உடம்பு முங்கும். நான் யோசிக்கவே இல்லை. ஆறு கொஞ்சம் எழும்பியது, அப்பா எங்கிருந்தோ கத்தினார், நான் முங்கினேன். எழுந்தபோது என் கண்ணுக்குள் திருநீறு கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

வெறும் நெற்றியோடு கரை ஏறினேன். "பட்டை எங்கலே?" என்று சிதம்பரம் கேட்டான். "போட்டேன். அழிஞ்சுபோச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "மண்டபத்துக்குப் பின்னால போய்க் கல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிட்டு வந்திருக்கான். வாய்க்கால்னு சொன்னாம்லா, அதுல போட்ட பட்டை அழிஞ்சுபோச்சாம்" என்றான் ஒருவன். சிதம்பரம் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். "நீந்த முடியலைன்னா சொல்லிட்டுப் போயேம்லே. பொய் எதுக்குச் சொல்லுதே?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

தோற்றிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. வாய்க்கொழுப்புக்குக் கிடைத்தது என்று விட்டிருப்பேன். நான் போனது நிஜம். பிள்ளையாரைத் தொட்டதும் நிஜம். அந்தக் கல்லின் குளிர்ச்சி அன்று ராத்திரி வரைக்கும் விரல்நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் 'புளுகு உவரி'. பென்சில் காணாமல் போனால் என்னைக் கேட்பார்கள். கணக்கு சரியாகப் போட்டால் யாரைப் பார்த்துப் போட்டாய் என்பார்கள். ஒரு தரம் பொய்யன் என்று பேர் வந்துவிட்டால் உண்மையைச் சொல்வதற்குப் பெரிய உழைப்பு வேண்டியிருக்கிறது. படிப்பை விட்டுவிட்டுக் கட்டுமரத்துக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மாணிக்கம் மட்டும் நம்பினான். ஏன் நம்பினாய் என்று கேட்டேன். "பொய் சொல்லுதவன் கண்ணுல நீறு எரியாதுலே. நீ கசக்கிக்கிட்டே நின்னியே" என்றான். நிறுத்திவிட்டு, "உனக்கு நீச்சல் தெரியாம இல்ல. உனக்கு ஒரு நீச்சல் கூடுதலாத் தெரியுது. அதை மறக்கணும்" என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் தின்ற அத்தனை கடலைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறப்பது இருக்கிறதே, கற்றுக்கொள்வதைவிடப் பெரும்பாடு. வெள்ளம் வடிந்த பிறகு படித்துறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கசம் மட்டும் ஆழமாகத் தேங்கி நிற்கும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் அங்கே போவோம். விடுதி அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலைத் துணியில் கட்டிக்கொண்டு போவேன். மாணிக்கம் அதைக் குழைத்து என் நெற்றியில் பட்டை இழுப்பான். நான் கசத்தைச் சுற்றி நீந்துவேன். அவன் கரையில் நின்றுகொண்டு கல்லை எறிந்து எனக்கு முன்னால் தண்ணீரை எழுப்புவான். தண்ணீர் எழும்பும். நான் முங்குவேன். "முங்காதலே மூதி!" என்று கத்துவான். வெளியே வருவேன். மறுபடி பட்டை. மறுபடி கல். மறுபடி மூதி.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு அன்றைக்கும் முங்கினேன். வராது, விட்டுவிடலாம் என்று நான் சொல்லாத வாரம் கிடையாது. "சரி, நாளைக்கு விடுவோம். இன்னைக்கு வந்தது வந்துட்டோம்" என்பான் மாணிக்கம். அவனுக்கு இதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தான் தண்ணீரில் இறங்காமலே ஒருவனை நீந்த வைத்துவிட வேண்டும் என்கிற வீம்பாக இருக்கலாம். என்னோடு வேறு யாரும் பேசவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்னால் ஒரு நாள் அது நடந்தது. கல் விழுந்தது. தண்ணீர் என் வாயில் அடித்தது. தலை அசையவில்லை. நான்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. கரை ஏறியபோது மாணிக்கம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பட்டை காய்ந்து வெடித்திருந்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் ஒரு பிடி பொரிகடலையைத் திணித்தான். அதுவரை அவன் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெருமையோடு ஊருக்குப் போனேன். மறுநாள் விடியலில் அப்பாவோடும் அண்ணன்மாரோடும் கட்டுமரத்தைத் தள்ளினேன். வாடைக் காலத்துக் கடல். பெரிய அலை ஒன்று சுருண்டு வந்தது. "முங்கு!" என்றார் அப்பா. மூன்று பேரும் முங்கினார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, ராஜா மாதிரி, அலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது என்னைத் தூக்கிக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது. வாய் நிறைய மணல். அப்பா திரும்பி வந்து என்னைக் குனிந்து பார்த்தார். "ஏலே, உன்னைப் படிக்க அனுப்புனனா, மறக்க அனுப்புனனா?" என்று கேட்டார். அண்ணன்மார் சிரித்த சிரிப்பில் கட்டுமரம் இன்னொரு முறை கரைக்கு வந்துவிட்டது.

மணலில் படுத்துக்கொண்டே யோசித்தேன். ஆற்றில் முங்கினால் பொய்யன். கடலில் முங்காவிட்டால் முட்டாள். இரண்டு தண்ணீருக்கும் இரண்டு உடம்பு வாங்க முடியுமா? அந்த விடுமுறை முழுக்கக் காலையில் கடலில் முங்கினேன். சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் முங்காமல் நீந்தினேன். உதட்டில் உப்புக் கரித்தால் முங்கு, கரிக்காவிட்டால் நிமிர் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். உடம்பு மெதுவாகத்தான் கேட்டது. ஆனால் கேட்டுவிட்டது. விடாமுயற்சி என்று பெரிதாகச் சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்த விடாமுயற்சி இந்த அசட்டு வேலைதான். பிற்காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பேனா பிடித்த விரலால் டைப் அடிக்கப் பழகியபோதும் இதைத்தான் திரும்பச் செய்தேன். அங்கே கல் எறிய மாணிக்கம் இல்லை. தலைமை குமாஸ்தா இருந்தார்.

அடுத்த ஆடி வந்தது. அந்த வருஷம் வெள்ளம் முந்தைய வருஷத்தைவிடப் பெரிது. மண்டபத்தின் மேல்பகுதியும் தூண்களில் பாதியும்தான் தெரிந்தன. இந்தத் தண்ணீரில் ஒருவனும் இறங்கக் கூடாது என்று சிதம்பரமே சொல்லிவிட்டான். நான் சட்டையைக் கழற்றி மாணிக்கத்திடம் கொடுத்தேன். "லே, பைய போ. கையை வீசாதே, தள்ளு" என்றான் அவன். யாரோ, "புளுகு உவரி போறாம்லே" என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த முறை ஆற்றோடு சண்டை போடவில்லை. கரையோடு மேலே ரொம்ப தூரம் நடந்து போய் இறங்கி, இழுத்த பக்கமே சாய்ந்து போய், மண்டபத்துத் தூணைப் பிடித்தேன். தலைமயிர் நனையவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு பின்பக்கம் போனேன். பிள்ளையார் இல்லை. அதாவது, தண்ணீருக்குள் இருந்தார். கையை விட்டுத் துழாவினேன். தும்பிக்கை தட்டுப்பட்டது. கிண்ணமும் தட்டுப்பட்டது. நீறு ஆற்றோடு போய் எத்தனை நாளோ!

தூணைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். அழுகை வந்தது. ஒரு வருஷம், ஐயா. ஒரு வருஷம் தலையைத் தூக்கப் பழகியதற்கு நெற்றியில் போட ஒரு பொட்டு நீறு இல்லை. அப்போதுதான் தூணைப் பார்த்தேன். திருவிழாவுக்கு அடித்த சுண்ணாம்பு மேல்பக்கம் பொருக்குப் பொருக்காக இருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்தது. குழைத்து மூன்று விரலால் இழுத்தால் கரையில் இருக்கிற ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கூடப் பார்த்தேன். நான் வந்தது நிஜம்தானே, அதற்கு எது பூசினால் என்ன என்று தோன்றியது. பிறகு, போன வருஷம் நிஜத்தைச் சொல்லிப் பொய்யன் ஆனேன், இப்போது இதைப் பூசினால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும் என்று நினைத்தேன். கையைத் தண்ணீரில் அலசினேன். திரும்பினேன்.

திரும்பும் வழியில் ஆறு மூன்று நான்கு தரம் தாடையில் அடித்தது. ஒரு தரம் வாய்க்குள்ளேயே புகுந்தது. தலை நிமிர்ந்தே இருந்தது. கரையில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். மாணிக்கம் முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி நின்றதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"பட்டை எங்கலே?" என்று சிதம்பரம் கேட்டான். போன வருஷத்துக் கேள்வி அப்படியே. "இல்லை. பிள்ளையார் தண்ணிக்குள்ள இருக்காரு. நீறு கரைஞ்சுபோச்சு. ஆனா போனேன்" என்றேன். இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நான் துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டேன். அவர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் போனதில் ஒன்றும் குறையப்போவதில்லை என்று அந்த நேரத்தில்தான் எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

சிதம்பரம் என் பக்கத்தில் வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்த தலை. மண்டபத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தவர்கள் பக்கம் திரும்பினான். "அங்கன தூண் பூரா சுண்ணாம்பு கெடக்கு. பொய் சொல்லுதவன் அதை இழுத்துட்டு வந்து நம்ம முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டு நிப்பான். இவன் வெறும் நெத்தியோட வந்து நிக்கான். இதுக்கு மேல என்னலே சாட்சி வேணும்?" என்றான். தன் நெற்றியில் இருந்த பட்டையைக் கட்டை விரலால் வழித்து என் நெற்றியில் இழுத்தான். "போன வருசம் நான் சொன்னதை ஆத்துல விட்டுரு" என்றான். மாணிக்கம் சத்தமாக அழுதான். அவனுக்கு வெட்கமே கிடையாது.

நெற்றியை அழிக்க மனசு வராமல் அப்படியே விடுதிக்குப் போனேன். வாசலில் வார்டன் சாமியார், பிரான்ஸ் தேசத்துக்காரர், தமிழை இலக்கணத்தோடு மட்டும் பேசுகிறவர். என் நெற்றியை உற்றுப் பார்த்தார். "மகனே, விபூதிப் புதன் வருவதற்கு இன்னும் நெடுநாள் இருக்கின்றதே?" என்றார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பையன் உன்னை நம்பினான் அல்லவா? நல்லது. போய் முகம் கழுவிவிட்டுச் சாப்பிடு" என்றார். அடி விழும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சாப்பாட்டில் குழம்பு என்ன என்றுகூட இப்போது சொல்ல முடியும், சுண்டைக்காய்.

சிதம்பரம் பிற்பாடு வக்கீலானான். கோர்ட்டில் சாட்சியைக் குடைந்து எடுப்பான் என்று பேர். என்னை எங்கே பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம், "இவர் சொன்னா நான் குறுக்கு விசாரணை பண்ணமாட்டேன்வே" என்பான். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் காலமாகிவிட்டான். மாணிக்கம் அதற்கும் வெகுகாலம் முன்னால், முக்கூடலில், மாரடைப்பில். கடைசிவரை நீச்சல் தெரியாமலே போனான்.

இந்தக் கோடையில் என் பேத்தியை அந்தப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வயசு, வாயாடி. பாபநாசத்தில் அணை கட்டிய பிறகு ஆறு பழைய மாதிரி இறங்கி வருவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆற்றின் இழுப்பும் எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. மண்டபம் மணல்மேட்டில் நின்றது. நான் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் சளப்சளப்பென்று நடந்து, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தாத்தா, அங்கன பிள்ளையாரே இல்லை. மாடத்துல ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருக்கு. இந்தத் தண்ணியையா நீந்துனீங்க? புளுகாதீங்க" என்றாள்.

சாட்சிக்குக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. தூணில் சுண்ணாம்புகூட இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. "போனேன் தாயி" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைக் கசக்கினேனா என்று தெரியவில்லை. "சரி, நம்புதேன்" என்றாள். நம்பிய உடனே பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, "அப்போ எனக்கும் சொல்லித் தாங்க. நானும் பட்டைக்குப் போவேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நானும் ஆசையாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அந்தப் படித்துறையிலிருந்து மண்டபம் வரைக்கும், மண்டபத்திலிருந்து கசம் இருந்த இடம் வரைக்கும், இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நடந்து நடந்து பார்த்தோம். அவளை மிதக்கவிடுகிற அளவுக்குத் தண்ணீர் எங்கேயும் இல்லை.